கரும்புச் சக்கைக் கஞ்சியில் நொதி முடங்கினால்: அறிகுறியைக் கொண்டு தடையைக் கண்டறியும் வழிமுறை

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் கடலோரத்துக் கரும்பாலைகள் ஏப்ரல் வாக்கில் அரவையைத் தொடங்கி, ஆண்டு முடியும் தறுவாயில் நிறுத்துகின்றன. அந்த மாதங்களில் டர்பனில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சக்கை மூட்டைகள் வந்து சேரும். சில வாரங்கள் கழித்து, பழுப்புக் கஞ்சி நிறைந்த குடுவையைக் கையில் ஏந்திக்கொண்டு மாணவர் ஒருவரும் வந்து சேர்வார். "நொதி கெட்டுவிட்டது அண்ணா, புதிதாக வாங்க வேண்டும்" என்பதே அவருடைய முதல் வாக்கியமாக இருக்கும். நொதியோ கடல் தாண்டி வருவது. ராண்டில் கணக்குப் பார்த்தால் ஒரு சிறு புட்டியே கையைக் கடிக்கும். அவ்வாறு வந்த குடுவைகளில் நொதியே குற்றவாளியாக இருந்தவை மிகச் சிலவே. பலவற்றில் முன்பதனத்தின்போது (நொதிக்கு முன் அமிலத்தாலோ நீராவியாலோ காரத்தாலோ சக்கையை இளக்கும் பதனம்) பிறந்த ஏதோ ஒரு பொருள் நொதியைக் கட்டிப்போட்டிருந்தது. சிலவற்றில் தடை எதுவுமே இல்லை, அளவீடுதான் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

நீர்த்த அமிலம், நீராவி வெடிப்பு, காரம் ஆகிய முறைகளில் பதப்படுத்திய சக்கையை, செல்லுலோஸை உடைக்கும் செல்லுலேஸ் நொதிக் கலவையால் சர்க்கரையாக்குவோருக்காக இதை எழுதுகிறேன். மொரிஷியஸிலும் தமிழ்நாட்டிலும் இதே சக்கையோடு போராடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலிலும், செலவு மிக்க காரணம் கடைசியிலும் வருகின்றன. அந்த வரிசையை மாற்றாமல் போவதே நல்லது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் நான்கு குடுவைகள்

முதல் குடுவையில் அவிசெல் போன்ற தூய செல்லுலோஸ், தூய தாங்கல் கரைசல் (பி.எச். அளவை மாறாமல் தாங்கும் கரைசல்), நொதி ஆகியவை மட்டும் இருக்கட்டும். இரண்டாவதில் அதே அவிசெல்லையும் நொதியையும் வைத்து, தாங்கல் கரைசலின் இடத்தில் பி.எச். சரிசெய்த முன்பதன வடிநீரை (பதனத்துக்குப் பின் திண்மத்திலிருந்து வடித்த நீரை) சேர்க்க வேண்டும். மூன்றாவதில் நன்றாகக் கழுவிய பதப்படுத்திய திண்மமும் தூய தாங்கல் கரைசலும் இருக்க வேண்டும். நான்காவது, நீங்கள் உண்மையில் பயன்படுத்திவரும் கழுவாத கஞ்சி. நான்கிலும் செல்லுலோஸின் அளவும் நொதியின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 50 டிகிரி செல்சியஸ், பி.எச். 4.8 முதல் 5.0, 50 மில்லிமோலார் சிட்ரேட், 2 விழுக்காடு செல்லுலோஸ் என்று தொடங்கினால் போதும். 0, 2, 6, 24, 48, 72 மணி நேரங்களில் மாதிரி எடுத்து, உடனே பத்து நிமிடம் கொதிநீரில் வைத்து நொதியை நிறுத்திவிட்டு அளக்கவும். 0 மணி நேர மாதிரியைத் தவிர்க்கிறவர்கள் பின்னர் வருந்துவார்கள், ஏனெனில் வடிநீரில் ஏற்கெனவே இருந்த சர்க்கரையும், வணிக நொதிக் கலவையிலேயே கலந்திருக்கும் சர்க்கரையும் அதில் மட்டுமே தெரியவரும்.

முதல் குடுவையே தளர்ந்திருந்தால் கோளாறு நொதியிலோ வெப்பத்திலோ பி.எச். அளவிலோ இருக்கிறது, சக்கையைக் குறை சொல்ல வேண்டாம். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது மட்டும் தளர்ந்தால் தடை நீரில் கரைந்திருக்கிறது. மூன்றாவது தளர்ந்தால் தடை திண்மத்தோடு ஒட்டியிருக்கிறது. முதல் மூன்றும் நலமாக இருந்து நான்காவது மட்டும் முடங்கினால், கலக்கத்தையும் திண்ம அடர்வையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு மூன்று நாள் ஆகும். அதைச் செய்யாமல் நொதியை இருமடங்காக்கிப் பார்த்தவர்கள் மூன்று மாதம் இழந்ததை நான் கண்டிருக்கிறேன்.

## அறிகுறி 1: முதல் மணி நேரத்திலிருந்தே சர்க்கரை ஏறவில்லை

பி.எச். அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தாங்கல் கரைசலைத் தயாரித்தபோது பார்த்த அளவு இங்கே உதவாது. திண்மத்தைச் சேர்த்துக் கலக்கிய பிறகு ஒருமுறையும், ஒரு மணி நேரம் கழித்து மற்றொரு முறையும் பார்க்க வேண்டும். காரத்தில் பதப்படுத்திய நாருக்குள் சோடியம் ஹைட்ராக்ஸைடு பதுங்கியிருந்து மெல்ல மெல்ல வெளிவரும். அமிலத்தில் பதப்படுத்தியதும் அவ்வாறே. 50 மில்லிமோலார் சிட்ரேட் அதைத் தாங்காது. பி.எச். நகர்ந்திருந்தால் திண்மத்தைத் தாங்கல் கரைசலிலேயே ஓரிரவு ஊறவைத்து, வடித்து, மீண்டும் தொடங்கவும்.

அடுத்தது மின்தடை. தென்னாப்பிரிக்காவில் இதைச் சொல்லாமல் விட முடியாது. சுழற்சி மின்வெட்டின்போது குலுக்கும் இன்குபேட்டர் இரண்டு மணி நேரமோ நான்கு மணி நேரமோ நின்றுவிட்டு, மின்சாரம் திரும்பியதும் தானாகத் தொடங்காமல் அப்படியே நிற்கும். காலையில் வருகிறவர் அதை இயக்கிவிட்டு, குறிப்பேட்டில் ஒன்றும் எழுதாமல் போய்விடுவார். மின்வெட்டு மிக மோசமாக இருந்த 2023இல் நாங்கள் ஒவ்வோர் இன்குபேட்டருக்குள்ளும் உச்சத்தையும் தாழ்வையும் பதிந்துகொள்ளும் மலிவான வெப்பமானி ஒன்றை வைக்கத் தொடங்கினோம், இன்றும் எடுக்கவில்லை. நொதி இருக்கும் குளிர்பெட்டிக்கும் இதே விதி பொருந்தும். திரவ நொதியை 4 டிகிரியில் வைக்க வேண்டும். மின்வெட்டுக்கு அஞ்சி உறைபெட்டிக்கு மாற்றுவது நன்மை செய்யாது.

மூன்றாவதாக, திண்மத்தை உலர்த்தினீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈரப்பதம் காண்பதற்காக 105 டிகிரியில் வைத்த மாதிரியையே நொதிக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பதப்படுத்திய நாரை ஒருமுறை முற்றிலும் உலர்த்தினால் அதன் நுண்துளைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். மறுபடி நனைத்தாலும் முழுமையாகத் திறக்காது. அதில் தடைப்பொருள் தேடுவது வீண் வேலை. ஈரத்தோடு வைத்த புதிய தொகுதியை எடுத்துத் தொடங்கவும்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் முதல் குடுவை தளர்ந்திருந்தால், வாட்மன் முதலாம் எண் வடிதாளில் 50 மில்லிகிராம் துண்டை வைத்து, 50 டிகிரியில் ஒரு மணி நேரம் செய்யும் வழக்கமான வடிதாள் சோதனையால் நொதியின் வலிமையை அளக்கவும். வாங்கியபோது இருந்த அளவில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால், புதிய புட்டிக்கான விண்ணப்பத்தில் நானே கையொப்பமிடுவேன். அயனித் திரவத்திலோ கரிமக் கரைப்பானிலோ பதப்படுத்தியவர்கள், நொதியைச் சோதிக்கும் முன் கழுவிய நீரில் கரைப்பான் எச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. துருப்பிடித்த எஃகுக் கலத்தில் அமிலத்தைச் சூடாக்கியவர்கள் இரும்பு அயனியையும் சந்தேகிக்க வேண்டும்.

## அறிகுறி 2: தொடக்கம் விரைவாக இருந்து, ஒரே நாளில் நின்றுவிடுகிறது

எங்களிடம் வரும் குடுவைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகை. ஆறு மணி நேரம் வரை கோடு செங்குத்தாக ஏறும். 24 மணி நேரத்துக்குப் பிறகு கிடைமட்டமாகப் படுத்துவிடும். சற்றுத் தளர்வது இயல்பு. ஆனால் செல்லுலோஸ் சர்க்கரையாகும் மாற்றம் 40 விழுக்காட்டிலேயே நின்றுவிட்டால் அது இயல்பு அன்று.

நின்றுபோன கஞ்சியை நான்கு பங்காகப் பிரியுங்கள். ஒன்றில் எதையும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் புதிய நொதியைச் சேர்க்கவும். மூன்றாவதில் புதிய அவிசெல்லைச் சேர்க்கவும். நான்காவதை மையவிலக்கியில் சுற்றி, நீரை நீக்கி, திண்மத்தைப் புதிய தாங்கல் கரைசலோடும் புதிய நொதியோடும் கலக்கவும். இன்னும் 24 மணி நேரம் காத்திருந்தால் விடை கிடைத்துவிடும்.

### அவிசெல் சேர்த்த பங்கு மட்டும் மீண்டும் ஓடினால்

நொதி உயிரோடு இருக்கிறது. எஞ்சிய சக்கைதான் இளகவில்லை. முன்பதனம் போதவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். தடைப்பொருள் தேடுவதை நிறுத்திவிட்டு அறிகுறி 5க்குச் செல்லவும்.

### புதிய நொதி சேர்த்த இரு பங்குகள் மட்டும் மீண்டும் ஓடினால்

முதலில் போட்ட நொதி செத்துப்போயிருக்கிறது, அல்லது நாரை இறுக்கிப் பிணைக்கும் லிக்னினில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய, நொதியை வடிநீரோடு மட்டும், எந்தச் செல்லுலோஸும் இல்லாமல், 50 டிகிரியில் 24 மணி நேரம் வைத்திருந்து, அதன் பிறகு அவிசெல்லைச் சேர்த்துப் பாருங்கள்; அருகில் தூய தாங்கல் கரைசலில் அதே நேரம் வைத்திருந்த நொதியையும் ஒப்பிடுங்கள். வடிநீரில் இருந்த நொதி மட்டும் பலமிழந்திருந்தால், நேரம் செல்லச் செல்ல நொதியைக் கொல்லும் பொருள் நீரில் இருக்கிறது. பீனால் சேர்மங்களுக்கு இந்தக் குணம் உண்டு. அவற்றிலும் டானிக் அமிலம், காலிக் அமிலம் போன்றவை மிகக் கொடியவை. இத்தகைய வடிநீரில் நொதியை முன்கூட்டியே ஊறவைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். முதலில் வடிநீரைத் தூய்மை செய்து, நொதியைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வேகமாகக் குலுக்கும் குடுவையில் காற்றும் நீரும் சந்திக்கும் மேற்பரப்பிலேயே சில செல்லுலேஸ்கள் உருக்குலையும். ட்வீன் 80 (சோப்புப் போன்ற பரப்புச்செயலி) ஒரு துளி சேர்த்ததும் விளைச்சல் உயர்ந்தால், "லிக்னினை மூடிவிட்டோம்" என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். லிக்னினே இல்லாத அவிசெல் குடுவையிலும் அதே துளியைச் சேர்த்துப் பாருங்கள். அங்கேயும் உயர்ந்தால் குற்றவாளி லிக்னின் அன்று, குலுக்கும் வேகம். அதைக் குறைப்பதற்குக் காசு வேண்டாம்.

### நீரை மாற்றிய பங்கு மட்டும் ஓடினால்

கரைந்திருக்கும் ஏதோ ஒன்று நொதியை அடக்கி வைத்திருக்கிறது. அது நொதி தானே உண்டாக்கிய குளுக்கோஸும், இரண்டு குளுக்கோஸ் இணைந்த செல்லோபயோஸுமாக இருக்கலாம். முன்பதனத்தில் வந்த பொருளாகவும் இருக்கலாம். குளுக்கோஸ் ஏற்கெனவே லிட்டருக்குப் பல பத்துக் கிராம் அளவை எட்டியிருந்தால் முதலாவதைச் சந்தேகிக்கவும். 10 கிராமுக்கும் கீழே இருக்கும்போதே நின்றுவிட்டால் அறிகுறி 4க்குச் செல்லவும்.

## அறிகுறி 3: செல்லோபயோஸ் குவிகிறது, குளுக்கோஸ் குறைவாகவே இருக்கிறது

முதலில் அந்தச் செல்லோபயோஸ் உண்மையானதுதானா என்று உறுதிசெய்ய வேண்டும். கந்தக அமிலம் ஓடும் கரிம அமில வகை எச்.பி.எல்.சி. (கரைந்த பொருள்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் கருவி) தூணில் சிட்ரேட் செல்லோபயோஸுக்கு மிக அருகில் வெளிவரும். நாரிலிருந்து வரும் மற்றொரு சர்க்கரையான சைலோஸின் குறுந்தொடர்களும் அந்தப் பக்கத்திலேயே தலைகாட்டும். நொதி சேர்க்காத குடுவையிலும் அதே முகடு அதே உயரத்தில் நின்றால் நீங்கள் அளந்துகொண்டிருப்பது உங்கள் தாங்கல் கரைசலைத்தான். இந்த ஒரு தவறால் முழு அத்தியாயமொன்றைத் திரும்ப எழுதியவரை எனக்குத் தெரியும்.

உண்மையான குவிப்பு என்றால், செல்லோபயோஸைக் குளுக்கோஸாக உடைக்கும் பீட்டா குளுக்கோசிடேஸ் போதவில்லை அல்லது அது மட்டும் தாக்கப்பட்டிருக்கிறது. நைட்ரோபீனைல் குளுக்கோசைடு சோதனையை (இந்த நொதி உடைத்தால் மஞ்சள் நிறம் தரும்) தூய தாங்கல் கரைசலில் ஒருமுறையும், வடிநீர் கலந்து ஒருமுறையும் செய்து ஒப்பிடவும். நிறுத்துவதற்குச் சோடியம் கார்பனேட் சேர்க்கும்போது வடிநீரின் பீனால்களும் நிறம் கூடும் என்பதால், நொதியில்லாத வெற்றுச் சோதனை கட்டாயம். வடிநீரில் மட்டும் செயல் விழுந்தால், பீனாலைத் தாங்கும் வகையைத் தேடலாம்: ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் பூஞ்சையிலிருந்து வரும் பீட்டா குளுக்கோசிடேஸ், டிரைக்கோடெர்மா ரீசியிலிருந்து வருவதைவிடப் பீனால்களுக்கு அதிகம் ஈடுகொடுக்கும். முழுக் கலவையையும் இருமடங்காக்குவதைவிட இந்த ஒன்றை மட்டும் கூட்டுவது மலிவு.

## அறிகுறி 4: கழுவிய திண்மம் நன்றாகச் சிதைகிறது, கழுவாத கஞ்சி சிதையவில்லை

இங்கேதான் பலரும் சர்க்கரை அமிலச் சூட்டில் சிதைந்து உண்டாகும் ஃபர்ஃபியூராலைக் குற்றக் கூண்டில் ஏற்றுகிறார்கள். ஃபர்ஃபியூரால் எங்கள் மாகாணத்துக்கு அறிமுகமான சரக்கு; தென்கடலோரத்தில் செசேலா ஆலையில் சக்கையிலிருந்து அதைத் திட்டமிட்டே பிரித்தெடுத்து விற்கிறார்கள். மூக்கைத் துளைக்கும் வாதுமை மணம் இருப்பதால் எளிதில் கண்ணில் படும் திருடன் அது. ஆனால் வழக்கமான அளவுகளில் ஃபர்ஃபியூராலும், ஹைட்ராக்ஸிமெத்தில் ஃபர்ஃபியூராலும், அசிட்டிக் அமிலமும், பின்னர் சர்க்கரையை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டைத்தான் அதிகம் வாட்டும். செல்லுலேஸை அதிகம் வாட்டுபவை பீனால்களும், முழுவதும் உடையாத சைலோஸ் தொடர்களும். என் அனுபவத்திலும், நீர்த்த அமில வடிநீரில் கடைசியில் பிடிபடுபவை பெரும்பாலும் இவ்விரண்டுதான். ஆகவே வாசனையை நம்பாமல், வடிநீரை ஒவ்வொரு வழியில் மாற்றி, ஒவ்வொரு முறையும் இரண்டாம் குடுவைச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

முதல் மாற்றம் பி.எச். அசிட்டிக் அமிலத்தின் பெரும்பகுதி தொல்லை, அது தாங்கல் கரைசலை மீறிப் பி.எச். அளவை இறக்குவதால்தான் வருகிறது. சரிசெய்த பிறகும் ஐயம் இருந்தால், அளந்து கண்ட அதே செறிவில் சோடியம் அசிட்டேட்டை அவிசெல் குடுவையில் சேர்த்து, பி.எச். சரிசெய்து பாருங்கள், ஒன்றும் ஆகவில்லையென்றால் அசிட்டிக் அமிலத்தை விடுதலை செய்துவிடலாம்.

இரண்டாவது மாற்றம், வடிநீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, இழந்த அளவு நீரைத் திரும்பச் சேர்ப்பது. ஃபர்ஃபியூரால் நீராவியோடு போய்விடும்; ஹைட்ராக்ஸிமெத்தில் ஃபர்ஃபியூராலும் பெரும்பாலான பீனால்களும் தங்கிவிடும். இதைப் புகைபோக்கி அலமாரிக்குள் மட்டுமே செய்ய வேண்டும். ஃபர்ஃபியூரால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நஞ்சாகும். ஆவியாக்கிய பிறகும் நொதி முடங்கியே கிடந்தால் ஃபர்ஃபியூரால் குற்றவாளி அன்று.

மூன்றாவது, செயலூட்டிய கரி. 100 மில்லிலிட்டருக்கு 2 முதல் 5 கிராம் வரை சேர்த்து, ஒரு மணி நேரம் கலக்கி வடிக்கவும். கரி பீனால்களையும் ஃபியூரான்களையும் பிடித்துக்கொண்டு, சர்க்கரையைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆவியாக்கல் உதவாமல் கரி உதவினால் பீனாலின் மீதுதான் சந்தேகம் வலுக்கிறது. சக்கை புல்லினத்தைச் சேர்ந்தது என்பதால் அதில் கூமாரிக் அமிலமும் ஃபெருலிக் அமிலமும் எஸ்டர்களாகக் கட்டுண்டு கிடக்கும். காரத்தில் பதப்படுத்தும்போது இவை கூட்டமாக வெளியேறுகின்றன. மொத்தப் பீனாலை ஃபோலின் வினைப்பொருளால் அளக்கலாம், ஆனால் சர்க்கரையும் அதில் சற்று நிறம் காட்டும் என்பதை மனத்தில் கொள்ளவும்.

கரியும் உதவவில்லையென்றால் நான்காவது மாற்றமாக, சைலோஸ் தொடர்களை உடைக்கும் நொதிகளான சைலனேஸையும் பீட்டா சைலோசிடேஸையும் சேர்த்துப் பாருங்கள். சைலோஸ் தொடர்கள் செல்லுலேஸை அடக்குவதில், அதே அளவு குளுக்கோஸையும் தனிச் சைலோஸையும் மிஞ்சக்கூடியவை. வெறும் நீரிலோ, மிக மென்மையான அமிலத்திலோ பதப்படுத்தியவர்களுக்கு இது மிகவும் பொருந்தும், ஏனெனில் நாரில் சைலோஸின் மூலமான ஹெமிசெல்லுலோஸ் பாதி உடைந்த நிலையிலேயே கரைந்து நிற்கும். வடிநீரில் ஒரு பங்கை 4 விழுக்காடு கந்தக அமிலத்தில் 121 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, முன்னும் பின்னும் சைலோஸை அளந்தால் எவ்வளவு தொடர்கள் இருந்தன என்பது தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட எளிய தீர்வு கழுவுதல். வெந்நீரில் இரண்டு மூன்று முறை கழுவினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். கழுவிய நீரோடு சைலோஸும் போய்விடும் என்பதும், நகரில் குழாய் நீர் நாள்கணக்கில் நின்றுவிடும் வாரங்களில் இது எளிதன்று என்பதும் உண்மை. அதனால் நான் பதப்படுத்தும் முன்பே ஒருமுறை கழுவச் சொல்கிறேன். ஆலையிலிருந்து வரும் சக்கையில் எஞ்சியிருக்கும் சர்க்கரை, அமிலத்தில் சூடாகும்போது அதன் ஃபிரக்டோஸ் பகுதி விரைவாக ஹைட்ராக்ஸிமெத்தில் ஃபர்ஃபியூராலாக மாறிவிடும். குவியலில் வாரக்கணக்கில் ஈரத்தோடு கிடந்த சக்கையில் கரிம அமிலங்களும் சேர்ந்திருக்கும். ஒரு வாளி நீர் இவ்விரண்டையும் முன்கூட்டியே நீக்கிவிடுகிறது. சுண்ணாம்பால் பி.எச். 10 வரை உயர்த்தி இறக்கும் பழைய முறை ஈஸ்ட்டுக்கு உதவும். நொதிக்காக மட்டும் அதைச் செய்வது வீண், சர்க்கரையும் இழப்பாகும்.

### மரத்தைப் பதப்படுத்துவோருக்கு

மாகாணத்தின் உள்நாட்டு மேடுகளில் வளரும் கருவேல இனமான வாட்டில் மரத்தைக் கொண்டுவருகிறவர்கள், பட்டையை முழுவதும் நீக்கிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். தோல் பதனிடுவதற்காகவே அந்தப் பட்டையை இங்கே வளர்க்கிறார்கள். புரதத்தைப் பற்றிப் படியவைப்பது அந்தப் பட்டையில் உள்ள டானினின் தொழில், நொதியும் புரதம்தான். டானேஸ் நொதியால் இதைத் தீர்க்கலாம் என்று சிலர் வாங்கிவிடுகிறார்கள். டானேஸ் காலிக் அமில எஸ்டர் வகையான டானினை மட்டுமே உடைக்கும். வாட்டில் பட்டையில் இருப்பது செறிந்த வகை டானின், அதை டானேஸால் உடைக்க இயலாது. பட்டையைச் சீவி எறிவதற்கு ஒரு கத்தி போதும்.

## அறிகுறி 5: நன்கு கழுவிய திண்மமும் சிதைய மறுக்கிறது

உலர்த்தவில்லை என்பதை மீண்டும் உறுதிசெய்துகொண்டு, முன்பதனம் போதியதா என்று பாருங்கள். இங்கே கரும்பின் பெரும்பகுதி எரித்தபின் வெட்டப்படுகிறது. சாம்பலும் மண்ணும் சக்கையோடு வரும். அந்தச் சாம்பல் நீர்த்த அமிலத்தின் ஒரு பகுதியைக் குடித்துவிடும் என்பதால், குறிப்பேட்டில் 1 விழுக்காடு அமிலம் என்று எழுதியிருந்தாலும் நார் கண்டது அதைவிடக் குறைவாக இருக்கும். பதனம் முடிந்ததும் வடிநீரின் பி.எச். அளவைத் தொகுதிதோறும் குறித்துவந்தால் இது உடனே தெரியும்.

எதிர்ப்புறத் தவறும் உண்டு. அமிலமும் வெப்பமும் மிகுந்துவிட்டால் சர்க்கரைகளே சிதைந்து ஒன்றுசேர்ந்து, நாரின் மேல் கருத்த துளிகளாகப் படியும்; இது லிக்னின் போலவே அளவிடப்படும் போலி லிக்னின். பதப்படுத்திய திண்மத்தில் உள்ள அமிலத்தில் கரையாத லிக்னினின் மொத்த எடை, தொடங்கிய சக்கையில் இருந்ததைவிடக் கூடியிருந்தால் ஐயமே வேண்டாம். விழுக்காட்டை மட்டும் பார்க்கக் கூடாது, ஹெமிசெல்லுலோஸ் போய்விட்டதாலும் அது உயர்ந்திருக்கும். கிராம் கணக்கில் பார்க்க வேண்டும். தீர்வு, வெப்பத்தையோ நேரத்தையோ குறைப்பது.

பதனம் சரியாக இருந்தும் முடங்கினால் நொதி லிக்னினில் ஒட்டிக்கொள்கிறது. நொதியைச் சேர்த்து ஒரு மணி நேரம் கழித்து, மேல்நீரில் எஞ்சிய புரதத்தையும் தொடக்கத்தில் போட்ட புரதத்தையும் ஒப்பிடுங்கள்; 72 மணி நேரம் கழித்துச் செல்லுலோஸ் கரைந்த பிறகும் புரதம் திரும்பி வரவில்லையென்றால் அது லிக்னினோடு போய்விட்டது. செலவில்லாத முதல் முயற்சி, பி.எச். அளவை 5.5 வரை சற்றே உயர்த்திப் பார்ப்பது. சில திண்மங்களில் இதுவே ஒட்டுதலைக் கண்கூடாகக் குறைக்கும். அடுத்து, நொதிக்கு முன் ஒரு கிராம் திண்மத்துக்கு 0.05 கிராம் பாலிஎத்திலீன் கிளைக்காலையோ சோயாப் புரதத்தையோ சேர்த்து ஒரு மணி நேரம் கலக்குவது. மாட்டுச் சீரம் ஆல்புமின் இதே வேலையைச் செய்யும், ஆனால் விலையைப் பார்த்தால் சோதனைக்கு மட்டுமே தகும்.

இதற்கும் மசியாவிட்டால் பதன நிலைகளையே மாற்ற வேண்டும். நீராவி வெடிப்புக் கலத்தின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் உயர்த்தும் யோசனை அப்போது வரும். அங்கே கையை எடுத்துவிடுங்கள். அது 1993ஆம் ஆண்டின் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அழுத்தக் கருவி. அதன் வரம்பைத் தாண்டவோ, பாதுகாப்பு வால்வைத் தொடவோ கூடாது; தகுதி பெற்ற ஆய்வாளரை அழையுங்கள்.

## அறிகுறி 6: 2 விழுக்காடு திண்மத்தில் நன்று, 20 விழுக்காட்டில் தோல்வி

சுமார் 15 விழுக்காட்டுக்கு மேல் குடுவையில் தனி நீர் இருக்காது. ஈரமான மண்போல் கிடக்கும். குலுக்குவது பயனற்றது. திண்மத்தை மூன்று நான்கு தவணையாக, முந்தையது இளகிய பிறகு சேர்க்கவும். அல்லது குடுவையைப் படுக்கவைத்து உருட்டும் அமைப்புக்கு மாறவும். இதனோடு தடைப்பொருள்களும் பத்து மடங்கு செறிவடைந்திருப்பதை மறக்க வேண்டாம். கழுவிய திண்மத்திலும் இதே வீழ்ச்சி இருந்தால் கலக்கமும் விளைபொருளும்தான் காரணம், இல்லையென்றால் அறிகுறி 4.

## அறிகுறி 7: குளுக்கோஸ் ஏறி, பிறகு இறங்குகிறது

நொதி சர்க்கரையைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. வேறு யாரோ குடிக்கிறார்கள். பி.எச். இறங்கியிருக்கிறதா என்றும், எச்.பி.எல்.சி.யில் லாக்டிக் அமில முகடு முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். டர்பனின் கோடைப் புழுக்கத்தில் ஈரச் சக்கை இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், வந்த அன்றே குளிரில் வைக்கவும்.

சோடியம் அசைடு 0.02 விழுக்காடு சேர்ப்பது வழக்கம். ஆனால் நாம் வேலை செய்யும் பி.எச். அளவிலேயே அதன் ஒரு பகுதி நச்சு வாயுவான ஹைட்ரசோயிக் அமிலமாகிவிடுகிறது; குடுவையைப் புகைபோக்கி அலமாரியில்தான் திறக்க வேண்டும். கழிவை ஒருபோதும் தொட்டியில் ஊற்றக் கூடாது, ஈயக் குழாயிலும் செம்புக் குழாயிலும் வெடிக்கும் உப்புகள் படியும். தேங்கிய அசைடுக் கழிவை அகற்ற உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்தை அழைக்கவும். அமிலம் ஊற்றி நீங்களே அழிக்க முயல வேண்டாம்.

## அறிகுறி 8: ஒரே மாதிரிக்கு இரண்டு கருவிகள் இரண்டு விடை தருகின்றன

சர்க்கரையை நிறத்தால் அளக்கும் டி.என்.எஸ். சோதனை, ஒடுக்கும் தன்மையுள்ள எதற்கும் நிறம் காட்டும். ஃபியூரான் ஆல்டிஹைடுகளும் பீனால்களும் அதில் அடக்கம். எனவே கழுவாத கஞ்சியில் அது கூட்டிச் சொல்லும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் இணைந்த சோதனையோ, பீனால்கள் பெராக்சிடேஸின் வேலையில் குறுக்கிடுவதால் குறைத்துச் சொல்லும். இரண்டுக்கும் சோதனை ஒன்றே: அளவு தெரிந்த குளுக்கோஸை மாதிரியில் சேர்த்து மீண்டும் அளக்கவும். சேர்த்த அளவு அப்படியே திரும்பி வராத முறையை அந்த மாதிரிக்குப் பயன்படுத்தக் கூடாது. தர அளவுக் கரைசல்களையும் அதே சிட்ரேட்டில் தயாரிக்கவும்.

கணக்கையும் ஒருமுறை பாருங்கள். குளுக்கானிலிருந்து (செல்லுலோஸிலிருந்து) குளுக்கோஸ் வரும்போது எடை 1.11 மடங்காகும், இதை மறந்தால் விளைச்சல் கூடித் தெரியும். அதிகத் திண்மத்தில், தொடக்கத்தில் ஊற்றிய நீரின் அளவை எடுத்துப் பெருக்காமல், மாதிரி எடுத்த நேரத்தில் இருந்த நீர்மத்தின் எடையையும் அடர்த்தியையும் கொண்டு கணக்கிட வேண்டும்.

எச்.பி.எல்.சி.யின் முகடுகள் அகன்று, அழுத்தம் நாளுக்கு நாள் ஏறினால், வடிகட்டாத லிக்னின் தூணின் முகப்பில் படிந்திருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் சிறிய காவல் தூணை மாற்றுவது உங்கள் வேலை. மாற்றிய பிறகும் அழுத்தம் இறங்கவில்லையென்றால் தூணைத் திருப்பிப் போட்டுக் கழுவும் சாகசத்தில் இறங்காமல் பராமரிப்புப் பொறியாளரை அழையுங்கள். அவர் வரும்வரை மாதிரிகளைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, உறையவைத்து வைத்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.